தெரிந்த முகத்திடம் சொல்ல முடியாத நோய்

நெகிரி செம்பிலானின் மந்தினில் அரசு சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை அங்கிருந்து அரை மணி நேரப் பயணம். லெக்காஸ் நெடுஞ்சாலை வந்த பிறகு காஜாங்கும் கோலாலம்பூரும்கூட எட்டிவிடும் தூரம்தான். எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கான முதல்நிலைக் கூட்டுமருந்தை அரசாங்கம் 2006 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறது. பெயரைச் சொல்லாமலே இரத்தம் சோதித்துக்கொள்ளவும் அரசு கிளினிக்குகளில் ஏற்பாடு உண்டு. மருந்து இல்லை, மருத்துவமனை தூரம் என்ற பழைய குறை இன்றைய நெகிரி செம்பிலானுக்குப் பொருந்தாது.

ஆனாலும் நாட்டின் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பு வைத்திருக்கும் இலக்கு மூன்று படிகள் கொண்டது. தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் மருந்து எடுக்க வேண்டும். எடுப்பவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குக் கிருமி அடங்கியிருக்க வேண்டும். மலேசியா பெரிதும் பின்தங்குவது இரண்டாவது படியில். தொற்று இருப்பது தெரிந்தும் மருந்துக்கு வராதவர்கள், வந்து பாதியில் நின்றுபோனவர்கள் ஏராளம். நோய் தெரியும், மருந்து இலவசம், கிளினிக் பக்கத்தில். அப்படியிருந்தும் வராமல் போவது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நோயாளியின் பக்கமே போய் நிற்கிறார்கள்: அறியாமை, அலட்சியம், பயம், குடும்பம். மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மருத்துவர், தாதி, மருந்தகப் பணியாளர், பதிவு முகப்பில் இருப்பவர், ஆய்வுக்கூட ஊழியர் ஆகியோர் இந்த நோயாளிகளை எப்படிப் பார்க்கிறார்கள்? அந்தப் பார்வை சேவையை எங்கே திருப்பிவிடுகிறது? இதுவரை நடந்த ஆய்வுகளையும் நம் வட்டாரத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றிக்கொள்பவர்கள், பாலியல் தொழில் செய்பவர்கள், திருநங்கைகள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோரே மருத்துவ ஏடுகள் குறிப்பிடும் அதிக ஆபத்துள்ள பிரிவினர். மலேசியச் சட்டத்தின்படி இவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வகையில் குற்றம் செய்தவர்கள். 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம் ஒரு பக்கம். தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுகள் இன்னொரு பக்கம். முஸ்லிம்களுக்கு அதற்கு மேல் மாநில ஷரியா சட்டங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதே வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமமாகத் தோன்றும் இடத்தில் இவர்கள் நிற்கிறார்கள்.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி செய்த ஆய்வு, இந்தியாவின் முதல் தொற்றுகளை வெளிக்கொணர்ந்தது. சென்னையில் அந்த இரத்தம் எடுக்கப்பட்டது பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து. அதற்குப் பின் நடந்ததை மருத்துவ உலகம் மறக்கக் கூடாது. தொற்று உறுதியான பெண்கள் தமிழ்நாட்டின் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்ட பிறகே, 1990இல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பரிசோதனை செய்துகொண்டால் பூட்டிவைப்பார்கள் என்ற பாடத்தை ஒரு தலைமுறையே கற்றது. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கியதற்கு, மற்ற இடங்களில் இந்த நோயாளிகளைத் தொட ஆளில்லாமல் போனதும் ஒரு காரணம்.

மலேசியாவின் பாதை சற்று வேறு. இங்கே முதல் இருபது ஆண்டுகள் ஊசிதான் நோயைச் சுமந்தது. 2002இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின, அதுவே உச்சம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பங்கினர் ஊசி போட்டுக்கொண்ட ஆண்கள். அரசாங்கம் நீண்ட தயக்கத்துக்குப் பிறகு 2005இல் போதைப்பொருளுக்கு மாற்றாகக் குடிக்கக் கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சையையும், 2006இல் புதிய ஊசி வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது. போதைப்பித்தனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா என்ற கூச்சல் அன்று எழுந்தது. மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் தலைவராயிருந்த மரினா மகாதீரும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அதீபா கமருல்ஸமானும் அந்தக் கூச்சலுக்கு நடுவே பொறுமையாக வாதாடினார்கள். ஊசிவழித் தொற்று மளமளவெனக் குறைந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் புதிய தொற்றுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை உடலுறவு வழி வருபவை, பாதிக்கு மேல் ஆண்களுக்கு இடையிலான உறவால் வருபவை. அதாவது சுகாதாரப் பணியாளர் பேச வேண்டிய விஷயமே மாறிவிட்டது. ஊசியைப் பற்றிக் கேட்கப் பழகியவர் இப்போது படுக்கையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பணியாளர்களின் மனப்போக்கைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து லாரா நிப்லேடும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது. மருத்துவமனைகளில் ஒதுக்கல் நடப்பதற்கு அவர்கள் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். தாங்கள் செய்வது ஒதுக்கல் என்றே பலருக்குத் தெரியாமலிருப்பது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம், நோயாளியின் ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பு. மூன்றும் ஒரே எடையுள்ளவை என்று நான் நினைக்கவில்லை.

பயத்தை எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி கைதவறி ஒரு தாதியைக் குத்திவிட்டால் அவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெப்படைட்டிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை போகும். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் அந்தச் சிறிய வாய்ப்பும் மேலும் சுருங்கிவிடும். ஒழுங்காக மருந்து எடுத்துக் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவர் உடலுறவில்கூடப் பிறருக்குத் தொற்றைக் கடத்துவதில்லை என்பதை ஐரோப்பாவின் பார்ட்னர் ஆய்வுகள் 2016லும் 2019லும் காட்டிவிட்டன. மருத்துவக் கல்லூரிகளில் இதெல்லாம் பாடமாகவே இருக்கிறது. இருந்தும் ஒருவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை, ஒருவருடைய கோப்பில் மட்டும் வண்ண அடையாளம், அறுவைப் பட்டியலில் ஒருவர் மட்டும் எப்போதும் கடைசி என்ற வழக்கம் பல நாட்டு மருத்துவமனைகளில் தொடர்கிறது. பாதுகாப்பு நடைமுறை எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற விதி 1980களிலேயே வந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் கூடுதலாகச் செய்வதைக் கிருமியின் மீதுள்ள பயம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

மும்பையிலும் பெங்களூரிலும் மரியா எக்ஸ்ட்ராண்டின் குழு ஏறக்குறைய ஆயிரம் மருத்துவர்கள், தாதியர், வார்டு ஊழியர்களிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. பாகுபாடு காட்டும் எண்ணத்தைத் தூண்டியவற்றில் வேலையிடத்தில் தொற்றிவிடும் என்ற அச்சத்தோடு, நோயாளி இதைத் தானே தேடிக்கொண்டார் என்ற பழிசுமத்தலும் நின்றது. பாகுபாடு மருத்துவரோடு நிற்கவில்லை; வார்டு ஊழியர் வரை பரவியிருந்தது. நோயாளியோடு அதிக நேரம் செலவழிப்பவர்கள் அவர்கள்தான். பயிற்சி வகுப்புகளுக்குப் பெரும்பாலும் அழைக்கப்படாதவர்களும் அவர்கள்தான்.

மலேசியாவில் இத்துறையில் கணிசமாக ஆய்வு நடந்திருக்கிறது. வலெரி எர்ன்ஷா, பிரெடெரிக் அல்டிஸ், அதீபா கமருல்ஸமான் ஆகியோர் சேர்ந்து செய்த ஆய்வுகள் வரிசையாக வந்தன. ஏழு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களிடம் செய்து 2016இல் வெளியான ஒன்றில், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களை நேரில் அறிந்து பழகிய மாணவர்களிடம் வெறுப்பு குறைவாக இருந்தது தெரிந்தது. கோலாலம்பூரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் செய்து 2018இல் வெளியான இன்னொன்று திருநங்கைகள் பற்றியது. அவர்களும் நல்ல சிகிச்சைக்கு உரியவர்களே என்று நம்பிய மருத்துவரிடம் பாகுபாடு காட்டும் எண்ணம் குறைந்திருந்தது. எளிய முடிவுகள்தாம். ஆனால் இவற்றின் பொருள் பெரியது. நாளைய மருத்துவரின் மனத்தை மாற்றப் பாடநூலில் இன்னும் ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதாது. பாடநூல் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் உட்காரவைக்க வேண்டும்.

இங்கேதான் நம் வட்டாரத்தின் தனி வரலாறு குறுக்கே வருகிறது. பெருநகர மருத்துவமனையில் செய்த ஆய்வை அப்படியே மந்தினுக்குக் கொண்டுவந்து பொருத்திவிட முடியாது.

நம்மவர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெஸ்ஸர்தான். சட்டத்தின் கண்ணில் அவர் தோட்ட மருத்துவமனை உதவியாளர். 1965ஆம் ஆண்டில் அவர்களுக்கென்று தனிப் பதிவுச் சட்டமே வந்தது. பிரசவம், பாம்புக்கடி, மலேரியா, வெட்டுக்காயம் எல்லாம் அவர் கையில். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியவர் அவர். அந்த நன்றி இன்னும் பெரியவர்கள் பேச்சில் உண்டு. ஆனால் அவர் நிர்வாகத்தின் ஊழியர். இன்றைக்கு ஒருவர் வேலைக்குப் போகலாமா, லயத்தில் படுத்திருக்கலாமா என்று தீர்மானிப்பதும் அவரே. அவர் சீட்டு எழுதாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. யாருக்கு என்ன நோய், யார் குடித்துவிட்டு விழுந்தார், எந்த வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவர் வழியாகக் கிராணி மேசைக்கும் துரை பங்களாவுக்கும் போக வாய்ப்பிருந்தது. வைத்தியம் பார்ப்பவரிடம் சொன்னது வைத்தியத்தோடு நிற்கும் என்ற நம்பிக்கை அந்த அமைப்பில் வேர்விட முடியவில்லை. தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆன பின்னும், மருத்துவச் சீருடை போட்டவரைப் பாதி அதிகாரியாகப் பார்க்கும் பழக்கம் நம் மக்களிடம் தங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பிறகு தோட்டங்களே போயின. ரப்பர் செம்பனை ஆனது. செம்பனை வீடமைப்புத் திட்டமாகவும் கல்லூரி வளாகமாகவும் ஆனது. நீலாய்க்கும் மந்தினுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இது கண்முன் நடந்த மாற்றம். வேலையோடு வீட்டையும் கோவிலையும் பள்ளியையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் சிலரைப் போதைப்பொருள் பிடித்தது, சிலரைச் சிறை பிடித்தது. காஜாங் சிறை மந்தினிலிருந்து அதிக தூரமில்லை, அங்கே எச்.ஐ.வி. உள்ள கைதிகளிடம் விடுதலைக்கு முன் மெத்தடோன் தொடங்கும் ஆய்வுகள் நடந்தன. சிறைக்குள் தொடங்கிய சிகிச்சை வெளியே வந்ததும் அறுந்துபோவது அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சந்தித்த சிக்கல். அறுந்துபோகும் இடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர்களின் கிளினிக் வாசல்தான்.

சிற்றூர் கிளினிக்கில் மருந்து கொடுப்பவரின் மைத்துனி நோயாளியின் அண்டை வீட்டுக்காரர். பதிவு முகப்பில் இருப்பவர் அவரோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர். டாக்டர் கோவில் திருவிழாவில் மரியாதை வாங்குபவர். எந்தக் கெட்ட எண்ணமும் யாருக்கும் வேண்டியதில்லை; எந்த அறைக்கு வெளியே எந்தக் கிழமையில் உட்கார்ந்திருந்தார் என்பதே போதும். சிகிச்சையைப் பெரிய மருத்துவமனையிலிருந்து குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கும் சுகாதாரக் கிளினிக்குகளுக்குப் பரவலாக்கும் கொள்கை நல்ல கொள்கை. பயணச் செலவும் காத்திருப்பும் குறையும். ஆனால் அது தூரத்தைக் குறைக்கும் அதே நேரத்தில் மறைவையும் குறைக்கிறது. சிற்றூர் நோயாளி பக்கத்துக் கிளினிக்கைத் தாண்டி யாரும் அறியாத பட்டணத்துக்குப் பேருந்து ஏறினால், அவர் அசட்டுத்தனம் செய்யவில்லை. கணக்குப் போட்டுத்தான் போகிறார். அதன் விலை, ஒரு மாதம் பேருந்துக் காசு இல்லாவிட்டால் மருந்தும் இல்லை என்பது.

மெத்தடோனைப் பாருங்கள். ஆரம்பத்தில் தினமும் நேரில் வந்து, பணியாளர் கண்முன் குடித்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் விற்றுவிடுவார்கள் என்பது பணியாளர்களின் கவலை. அதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. மெத்தடோனுக்கு முன்பு தனியார் கிளினிக்குகள் வழியாகக் கிடைத்த சப்யூடெக்ஸ் என்ற மாற்று மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட அனுபவம் இந்நாட்டுக்கு உண்டு. அதனால்தான் அது, ஊசியில் ஏற்றுவதைத் தடுக்கும் சேர்மானமுள்ள சபாக்ஸோனாக மாற்றப்பட்டது. ஆனால் காலையில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவரும், தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவரும் கிளினிக் திறக்கும் நேரத்தில் வரிசையில் நிற்க முடியாது. வராத நாளைப் பணியாளர் ஒழுங்கீனம் என்று எழுதுகிறார். நோயாளிக்கு அது வேலையைக் காப்பாற்றிக்கொண்ட நாள். இருவருமே தத்தம் அளவில் நேர்மையானவர்கள். அவர்களுக்கு நடுவே தவறாக வைக்கப்பட்டிருப்பது கிளினிக் நேரம்.

ஒழுக்கத் தீர்ப்புக்கு நெகிரி செம்பிலானிடம் தனி சாட்சியம் இருக்கிறது. பெண் உடை அணிந்ததற்காக இம்மாநில ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66ஆம் பிரிவில் கைதான திருநங்கைகள் மூவர், அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்காடினார்கள். 2012இல் சிரம்பான் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியபோது அந்தத் தீர்ப்பில் எச்.ஐ.வி. பரவலும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மூவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; கீழ்நீதிமன்றத்தின் அந்தக் கருத்துகள் அறிவியல் ஆதாரமற்ற சொந்த உணர்வின் வெளிப்பாடு என்று கண்டித்தது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப் பிரிவு பழையபடி நிற்கிறது. இதற்கிடையில் 2014 ஜூனில் பஹாவ் நகரில் ஒரு திருமண விருந்தில் சமய அதிகாரிகள் புகுந்து பதினேழு பேரைக் கைது செய்ததும் இதே மாநிலத்தில் நடந்தது.

இதையெல்லாம் நாளிதழில் படித்துவிட்டுத்தான் ஒரு தாதி மறுநாள் வேலைக்குப் போகிறார். எதிரே ஒரு திருநங்கை வந்து உட்காருகிறார். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா? அடையாள அட்டையில் உள்ள பெயரை உரக்கக் கூப்பிடுவதா, அவர் விரும்பும் பெயரையா? மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு இல்லாதபோது, பணியாளர் தனக்குப் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுப்பார். அது நோயாளியைக் கூசவைக்கும் வழியாக இருக்கும். பெயரைக் கூப்பிட்ட அந்த ஒரு நொடியில் காத்திருப்பு அறை முழுவதும் திரும்பிப் பார்த்தால், அடுத்த தேதிக்கு அவர் வரமாட்டார். முஸ்லிம் பணியாளர்களைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லவில்லை. தமிழ்த் திருநங்கையைக் கோவிலில் ஆசி கேட்டுக் கும்பிட்டுவிட்டு, கிளினிக்கில் அருவருப்போடு பார்க்கும் நம்மவர்களும் உண்டு. தமிழ்நாடு 2008இல் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைத்தது. மலேசியத் தமிழர்களான நாம் அந்தச் செய்தியைப் பாராட்டிப் பேசினோம். நம் ஊர்த் திருநங்கையருக்காக என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பணியாளர்கள் பக்க நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அநியாயமாகிவிடும். அரசு கிளினிக்கில் ஒரு மருத்துவர் காலையில் பார்க்கும் கூட்டத்தில், ஒருவரிடம் நிதானமாகப் பாலியல் வாழ்க்கையைக் கேட்டறிய நேரம் எங்கே? ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு அவர்களுடைய நிலை நிச்சயமற்றிருந்தது. இன்று இங்கே, அடுத்த ஆண்டு எங்கேயோ. நோயாளி ஒரு டாக்டரை நம்பி வாய் திறப்பதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விடுகிறார். புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பலமுறை தன் வாழ்க்கையை அந்நியரிடம் விரித்துக் காட்டச் சொன்னால் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவார்கள். எச்.ஐ.வி. சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் என்பதும், யார் யாருக்கு எது சொல்லலாம் என்பதில் பணியாளர்களுக்கே உள்ள குழப்பமும் சேர்ந்துகொள்கின்றன.

வெளிநாட்டுத் தொழிலாளர் நிலை இன்னும் கடுமையானது. இன்று தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். அவர்களுக்குக் கட்டாயமான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் வேலைக்குத் தகுதியற்றவர், திருப்பி அனுப்பப்படுவார். அந்தப் பரிசோதனையைச் செய்யும் மருத்துவர் அவருக்கு வைத்தியரே அல்ல, வாயிற்காவலர். அவர் அந்த மருத்துவரிடம் தன் வாழ்க்கையைப் பற்றி எதையாவது சொல்வார் என்று எதிர்பார்ப்பதே வீண்.

இத்தனை தோல்விகளுக்கு நடுவே மலேசியா வென்ற இடம் ஒன்று இருக்கிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்குச் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. அதற்கு அடித்தளம் 1998இல் அரசு தாய்சேய் கிளினிக்குகளில் தொடங்கிய பரிசோதனை. அதே நாடு, அதே கிளினிக், அதே தாதியர். இங்கே மட்டும் எப்படி முடிந்தது? கர்ப்பிணி யாராக இருந்தாலும் பரிசோதனை உண்டு. நீ எப்படிப்பட்டவள், யாரோடு இருந்தாய் என்று தாதி கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. யாரைச் சோதிப்பது என்று தன் மனத்துக்குள் தீர்மானிக்கும் வேலை அவருக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்புப் புத்தகம் கையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நடைமுறை.

இக்கட்டுரையின் மையமாக நான் கருதுவது இதைத்தான். நோயாளியின் வாழ்க்கையைப் பணியாளர் எடைபோட வேண்டியிராத இடத்தில் நம் எச்.ஐ.வி. சேவை வென்றது. எடைபோட வேண்டிய இடத்தில் தடுமாறுகிறது. 2023 முதல் தேர்ந்தெடுத்த அரசு கிளினிக்குகளில் கொடுக்கத் தொடங்கியுள்ள பிரெப் என்ற முன்தடுப்பு மாத்திரை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மாத்திரை மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைப் பெற, தனக்கு ஆபத்து இருக்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். கேட்கும் டாக்டர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை கிளினிக் வரை வந்துவிட்டது. மீதமிருப்பது அந்த இரண்டு நிமிட உரையாடல்.

அதைச் சரிசெய்ய வழி தெரியாமல் இல்லை. பரிசோதனையை நீரிழிவு, இரத்த அழுத்தச் சோதனையோடு சேர்த்து, வயதுவந்த எல்லோருக்கும், வேண்டாமென்று சொல்லும் உரிமையோடு முன்வைக்கலாம்; அப்போது அந்த நாற்காலியில் உட்காருவதே அடையாளமாகாது. கேட்க வேண்டிய கேள்விகளை அதே பாதையில் வந்தவர்கள் கேட்கலாம். பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவை எய்ட்ஸ் ஆய்வு மையம் 2015இல் தொடங்கிய டேஞ்சரின் கிளினிக்கில் திருநங்கைகளே திருநங்கைகளை வரவேற்று ஆலோசனை தருகிறார்கள். ஹார்மோன் சிகிச்சைக்கு வருபவர் அப்படியே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொண்டு போகிறார். இங்கேயும் மலேசிய எய்ட்ஸ் மன்றம் மருத்துவமனைகளில் துணைப் பணியாளர்களை வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் 1987இலிருந்து பி.டி. அறவாரியம் இயங்குகிறது. இவை பட்டணத்தோடு நின்றுவிடாமல் மாவட்டக் கிளினிக்குகளுக்கும் தமிழ் பேசும் ஆட்களோடு வர வேண்டும். மலாய்ப் படிவத்தில் தன் அந்தரங்கத்தை எழுதத் தடுமாறும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பயிற்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நாட்டு ஆய்வுகள் காட்டியபடி நேர்ப் பழக்கமே வெறுப்பைக் குறைக்கிறது என்றால், அரைநாள் விரிவுரைக்குச் செலவிடும் பணத்தை, தொற்றோடு வாழும் ஒருவரைப் பேச அழைப்பதற்குச் செலவிடலாம். அந்த அறையில் டாக்டரும் தாதியும் மட்டுமல்ல, பதிவு முகப்பில் இருப்பவரும் துப்புரவுப் பணியாளரும் உட்கார வேண்டும். நோயாளி முதலில் பார்க்கும் முகம் அவர்களுடையது.

சமயம் இதற்குத் தடையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2010இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கத் தொடங்கினார்கள். தொழுகைக்கு வரும் இடத்துக்கே மருந்தும் வந்தது. ஒருகாலத்தில் இந்தத் திட்டத்தையே பாவம் என்றவர்கள் இருந்த நாட்டில் நடந்த மாற்றம் இது. நம் ஆலயங்களில் இரத்ததான முகாம் நடத்துகிறோம், கண் பரிசோதனை நடத்துகிறோம், இனிப்புநீருக்குச் சோதனை நடத்துகிறோம். எச்.ஐ.வி. என்ற சொல் மட்டும் அந்த மண்டபங்களுக்குள் வர அனுமதியில்லாமல் நிற்கிறது.

மந்தின், நீலாய், லெங்கெங், செமினி வட்டாரங்களில் கிளினிக் வைத்திருக்கும் தமிழ் மருத்துவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் முகப்பில் இருக்கும் பணியாளரிடம், இந்தக் கிளினிக்கில் கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது, போனால் வேலையில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தமிழ், மலாய் அறிவிப்பு ஒன்றை நோயாளி பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். பிரெப் எங்கே கிடைக்கும், மெத்தடோன் எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்கு முகவரியோடு பதில் தயாராக வைத்திருங்கள். ஆலய நிர்வாகங்களிடம் கேட்பதும் அவ்வளவே: அடுத்த மருத்துவ முகாமில் இந்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால், ஏற்பாட்டைப் பற்றிப் பேச ஆள் வருவார்.